பொய்க் கூக்குரலும் மெய்க் காரணமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இவ்விழாவில் பேச அழைக்கப்பட்டவர்கள் தத்தமக்கு விருப்பமான பொருளைத் தாமே தேர்ந்துகொள்ளலாம் என்று வட்டத்தார் உரிமை தந்தனர். எனக்கு முன் பேசிய அறிஞர்கள் அகப்பாடல்களைப் பற்றியும் புதுக்கவிதையின் போக்கைப் பற்றியும் ஆழ்ந்து பேசினார்கள். நான் எடுத்துக்கொண்ட பொருளோ, பேட்டரியைக் கழற்றி மீண்டும் பூட்டியதும் கார் அலாரம் ஓயாமல் அலறினால் என்ன செய்வது என்பதாகும். நிகழ்ச்சி நிரலைக் கண்ட நண்பர் சிலர் இதனை அச்சுப் பிழையென்றே கருதினர். பிழையன்று. மோட்டார் வண்டிகளின் மின்பணியைக் கற்பிப்பது என் தொழில். தமிழ் என் பற்று. இவ்விரண்டும் ஒன்றையொன்று சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. அந்த இடத்திற்கு உங்களை அழைத்துச் செல்வதே இவ்வுரையின் நோக்கம்.

காவலனின் உறுப்புகள்

காவலும் அதன் ஒலியும் நம் இலக்கியத்திற்குப் புதியன அல்ல. தினைப்புனத்தில் கிளி ஓட்டத் தட்டையும் குளிரும் தழலும் முழங்கின. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி, நள்ளிரவில் கள்வரைத் தேடித் திரியும் ஊர்காவலரை நம் கண்முன் நிறுத்துகிறது. அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என வகுத்த தொல்காப்பியர் அவற்றுள் ஒன்றாகக் கள்வரை வைத்தார். அந்த அச்சத்தின் இன்றைய வடிவங்களுள் ஒன்றுதான் தெருவோரம் நிற்கும் காருக்குள் உறங்காமல் இருக்கும் சிறு மின்பெட்டி.

அந்தக் காவலனுக்கு மூளை ஒன்று, செவிகள் பல, வாய் ஒன்று. மூளை என்பது கட்டுப்பாட்டுப் பெட்டி. செவிகள் என்பன கதவுகளிலும் டிக்கியிலும் பானெட்டின் அடியிலும் உள்ள சுவிட்சுகள். அவற்றோடு அதிர்வை உணரும் சென்சார். சில வண்டிகளில் உள்ளே நடமாட்டத்தை உணரும் மீயொலிச் சென்சார். வேறு சிலவற்றில் வண்டி சாய்க்கப்படுவதை உணரும் சென்சார். வாய் என்பது சைரன். விலை குறைந்த வண்டிகளில் சைரனுக்கு மாற்றாக ஹார்னே அலறும்.

இந்தக் காவலனுக்குச் சோறு போடுவது பேட்டரி. நம் கார்களில் உள்ள 12 வோல்ட் ஈய அமில பேட்டரி ஆறு கலங்கள் கொண்டது. பிரெஞ்சு அறிஞர் காஸ்தோன் பிளாந்தே 1859ஆம் ஆண்டில் உருவாக்கிய ஈய அமிலக் கலத்தின் வழித்தோன்றலே இது. நன்கு சார்ஜ் ஏறி ஓய்வில் இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் நிற்கும். 12.2 வோல்ட் என்றால் ஏறத்தாழப் பாதி இறங்கிவிட்டது என்று பொருள். 12 வோல்ட்டுக்குக் கீழே போனால் அது பட்டினி கிடக்கிறது எனலாம். எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் ஊட்டுவதால் அளவு 13.8 முதல் 14.4 வோல்ட் வரை உயரும். இந்த எண்களை நினைவில் வையுங்கள், பின்னர் உதவும்.

ஏன் அலறுகிறது?

பேட்டரியைப் பூட்டியவுடன் அலாரம் அலறுவதைக் கண்டு வண்டி கெட்டுவிட்டது என்று அஞ்சுவோர் பலர். உண்மையில் பெரும்பாலான நேரங்களில் காவலன் தன் கடமையைச் செவ்வனே செய்கிறான். இதற்குரிய காரணங்கள் மூன்று.

முதலாவது, நினைவு. கட்டுப்பாட்டுப் பெட்டி, தான் காவலில் இருந்ததா இல்லையா என்பதை மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் எழுதி வைக்கிறது. பேட்டரி இறந்த நாளில் வண்டி பூட்டப்பட்டிருந்தால், உயிர் வந்ததும் அது விட்ட இடத்திலிருந்து தொடங்கும். தன் மின்சாரத்தைத் துண்டித்தவர் உரிமையாளரா, கள்வரா என்பதை அறிய அதற்கு வழியில்லை. கள்வர் முதலில் செய்யக்கூடியது மின்சாரத்தைத் துண்டிப்பதுதானே! ஆகவே ஐயுறுவதே அதன் அறம்.

இரண்டாவது, தனி உயிர். சில சைரன்களுக்குள் ஒரு சிறு பேட்டரி தனியே வைக்கப்பட்டிருக்கும். பெரிய பேட்டரி துண்டிக்கப்பட்டால் சைரன் தன் சொந்த வலுவில் அலறும். பல ஆண்டுகள் ஆனபின் அந்தச் சிறு பேட்டரி கசிந்து உள்ளிருக்கும் சுற்றை அரித்துவிடும். அதன்பின் காரணமே இல்லாமல் நள்ளிரவில் கூச்சலிடும்.

மூன்றாவது, பசி. பழைய வகை அலாரங்கள் சில, வோல்ட் அளவில் ஏற்படும் சிறு சரிவைக் கதவு திறந்ததற்கு அடையாளமாகக் கொள்கின்றன. கதவு திறந்தால் உள்விளக்கு எரியும். விளக்கு எரிந்தால் வோல்ட் சிறிது சரியும். அந்தச் சரிவே திருட்டின் அறிகுறி என்பது அவற்றின் தருக்கம். பேட்டரி வலுவிழந்திருந்தாலோ, டெர்மினல் இறுகப் பிடிக்காமல் இருந்தாலோ, கதவு திறக்காமலே அந்தச் சரிவு ஏற்படும். எஞ்சின் நின்றபின் ரேடியேட்டர் விசிறி சுழன்றாலும் ஏற்படலாம்.

2020ஆம் ஆண்டு இம்மூன்றையும் ஒருசேரக் காட்டியது. அந்த ஆண்டு மார்ச் 25 முதல் மே 31 வரை நாடு தழுவிய ஊரடங்கு நான்கு கட்டங்களாக நீடித்தது. மொத்தம் 68 நாள்கள். நிற்கும் காரும் சிறிது மின்சாரம் உண்ணும். அலாரமும் கடிகாரமும் பிற பெட்டிகளும் சேர்ந்து 30 மில்லி ஆம்பியர் மட்டுமே எடுப்பதாக வைத்துக்கொள்வோம். அது நல்ல நிலையில் உள்ள வண்டிக்குரிய அளவுதான். நாளொன்றுக்கு 0.72 ஆம்பியர்-மணி. 68 நாளில் ஏறத்தாழ 49 ஆம்பியர்-மணி. சிறிய காரின் பேட்டரிக் கொள்ளளவோ 35 ஆம்பியர்-மணி அளவுதான். எனவே பல வண்டிகள் நின்ற இடத்திலேயே உயிரை விட்டன. அடுக்ககங்களின் கீழ்த்தளத்தில் அவற்றுக்குப் புது பேட்டரி பூட்டப்பட்டபோது அலாரங்கள் அலறியதில் வியப்பில்லை.

முதல் ஒரு நிமிடம்

பேட்டரியைப் பூட்டுமுன்பே செய்யவேண்டியவை இரண்டு. சாவி உங்கள் கையில் இருக்கட்டும். ஒரு கண்ணாடி இறங்கியிருக்கட்டும். மின்சாரம் வந்ததும் சில வண்டிகளில் கதவுகள் தாமாகவே பூட்டிக்கொள்ளும். சாவி உள்ளே கிடந்தால் காவலன் தன் தலைவனையே வெளியே நிறுத்திவிடுவான்.

அலறத் தொடங்கியதும் பதறாமல் ரிமோட்டின் திறக்கும் பொத்தானை அழுத்துங்கள். அது பயன்படவில்லையென்றால் ஓட்டுநர் பக்கக் கதவின் துளையில் சாவியை இட்டு, முதலில் பூட்டி, பின் திறங்கள். பல வண்டிகளுக்கு அதுவே நீதான் என் தலைவன் என்னும் சான்று. அதற்கும் அடங்காவிடில் உள்ளே அமர்ந்து சாவியைத் திருப்பி இக்னிஷனை ஆன் நிலையில் வையுங்கள். சாவியின் தலைப்பகுதியில் உள்ள சிறு சில்லு வண்டியோடு பேசி ஒப்புதல் பெறும். பொத்தானால் இயங்கும் வண்டிகளில், ரிமோட்டைக் குறிப்பிட்ட இடத்தில் ஒட்டிவைத்து பொத்தானை அழுத்த வேண்டும். அந்த இடம் எது என்பதைக் கையேடு கூறும்.

வெளிக்கடையில் பொருத்திய அலாரமாயின் டாஷ்போர்டின் அடியில் மறைவாக ஒரு சிறு பொத்தான் இருக்கும். இக்னிஷனை ஆன் செய்து, சில விநாடிகளுக்குள் அந்தப் பொத்தானை அழுத்தினால் அலாரம் அடங்கும். அலாரம் வாங்கும்போதே அந்தப் பொத்தான் எங்குள்ளது என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்வது நன்று. தனி உயிருள்ள சைரன்கள் சிலவற்றுக்குத் தனிச் சாவியும் உண்டு. அது பெரும்பாலும் பில்லோடு சேர்ந்து அலமாரியில் உறங்கிக்கொண்டிருக்கும்.

காரணம் தேடும் வரிசை

அலறல் அடங்கிவிட்டது, ஆனால் பூட்டிச் சென்ற பத்தாம் நிமிடம் மீண்டும் அலறுகிறது. இனித்தான் நோய்நாடல். எளியதிலிருந்து கடியதற்குச் செல்வதே முறை.

முதலில் பானெட்டைப் பாருங்கள். பேட்டரி மாற்றும்போது நிச்சயமாகத் திறக்கப்பட்ட மூடி அதுதான். முழுமையாக இறங்கி மூடியதா? அதன் விளிம்பின் அடியில் உள்ள சிறு சுவிட்ச் துருப்பிடித்தோ வளைந்தோ இருக்கிறதா? சுவிட்சைக் கையால் அழுத்திப் பார்த்து, அது மேலெழுகிறதா என்று நோக்குங்கள். மழைக்காலத்தில் ஈரம் புகுந்து பொய் சொல்லும் சுவிட்சுகளுள் முதன்மையானது இது.

அடுத்து டெர்மினல்கள். கையால் திருகிப் பார்த்தால் அசையக்கூடாது. வெள்ளையாகவோ பச்சை நீலமாகவோ பூத்திருந்தால் வெந்நீரில் சமையல் சோடாவைக் கரைத்துத் துலக்கி, உலர்த்தி, இறுக்கிப் பூட்டுங்கள்.

மூன்றாவது, பேட்டரியின் வலு. வண்டி சில மணிநேரம் நின்றபின் மல்ட்டிமீட்டரால் அளந்து பாருங்கள். நான் முன்னர்க் கூறிய எண்களை இப்போது நினைவுகூருங்கள். 12.6 இருந்தால் நலம். 12.2க்குக் கீழ் என்றால் முதலில் சார்ஜ் ஏற்றுங்கள். பழியை அலாரத்தின்மேல் சுமத்தவேண்டா. ஸ்டார்ட் செய்யும் நொடியில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் பேட்டரி மூப்படைந்துவிட்டது. நம் ஊர் வெயிலில் பேட்டரியின் உட்தகடுகள் விரைவில் அரிக்கப்படுவதால் குளிர்நாட்டில் உழைக்கும் காலம் இங்கு உழைக்காது.

நான்காவது, ரிமோட். அதனுள் இருக்கும் நாணய வடிவ பேட்டரி 3 வோல்ட். அது தளர்ந்தால் ரிமோட்டின் குரல் வண்டியை எட்டாது. ஒருமுறை பயன்பட்ட குறியீடு மறுமுறை செல்லாதவாறு, ஒவ்வோர் அழுத்தத்துக்கும் குறியீட்டை மாற்றிக்கொள்ளும் ரிமோட்டுகள் இப்போது வழக்கில் உள்ளன. குழந்தைகள் வீட்டில் அதை விளையாட்டாகப் பன்முறை அழுத்தினால் ரிமோட் முன்னே ஓடிவிடும், வண்டி பின்தங்கிவிடும். மீண்டும் இரண்டையும் ஒத்திசைக்கும் முறை கையேட்டில் இருக்கும். பேட்டரி கழன்றதால் ரிமோட்டை வண்டி மறந்துவிட்டது என்று எல்லா நேரத்திலும் முடிவு கட்டாதீர்கள்; பெரும்பாலான வண்டிகள் இதை மறப்பதில்லை.

ஐந்தாவது, கதவுகள். ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடி, உள்விளக்கும் டாஷ்போர்டில் கதவு அடையாளமும் சரியாக மாறுகின்றனவா என்று பாருங்கள். மூடியபின்னும் அடையாளம் அணையாத கதவே குற்றவாளி. சில அலாரங்களில் சிறு சிவப்பு விளக்கு எத்தனை முறை மின்னுகிறது என்பதே எந்தச் செவி எழுப்பியது என்பதைக் கூறிவிடும்.

ஆறாவது, அதிர்வுச் சென்சார். வெளிக்கடை அலாரங்களில் அதன் உணர்திறனைக் கூட்டவும் குறைக்கவும் சிறு திருகு உண்டு. தீபாவளி இரவில் தெருவெங்கும் கார்கள் கோரஸ் பாடுவது இந்தத் திருகு மிகக் கூர்மையாக வைக்கப்பட்டிருப்பதால்தான். சிறிது தளர்த்தினால் போதும்.

இவையெல்லாம் சரியாயிருந்தும் அலறினால் கடைசியாகச் சைரனின் உள் பேட்டரியை ஐயுறுங்கள். அதனை மாற்றுவது தேர்ந்த மின்பணியாளரின் வேலை.

செய்யத் தகாதவை

எஞ்சின் ஓடும்போது பேட்டரியைக் கழற்றாதீர்கள். ஆல்டர்னேட்டரிலிருந்து எழும் மின்வீச்சு கட்டுப்பாட்டுப் பெட்டிகளைச் சுட்டுவிடும். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். அருகில் பீடியோ தீக்குச்சியோ கூடாது. பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிப் பூட்டாதீர்கள். எரிச்சலில் ஒயர்களை வெட்டாதீர்கள். குறிப்பாக மஞ்சள் நிற உறையுள்ள ஒயர்கள் பெரும்பாலும் காற்றுப் பைகளுக்கு உரியவை. ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு அப்படியே ஓட்டிச் செல்வதும் தகாது. அதே ஃபியூஸ் வேறு பணிகளுக்கும் மின்சாரம் தரக்கூடும்.

இன்னொன்று. அலாரம் வேறு, இம்மொபிலைசர் வேறு. அலாரம் கத்துவது, இம்மொபிலைசர் கத்தாமல் எஞ்சினைக் கட்டிப்போடுவது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 முதலும், ஆஸ்திரேலியாவில் 2001 முதலும், கனடாவில் 2007 முதலும் புதிய கார்களில் இம்மொபிலைசர் கட்டாயமாக்கப்பட்டது. அலறல் ஓய்ந்தும் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையென்றால் சாவிச் சில்லின் பக்கம் திரும்புங்கள். அலாரத்தை மேலும் கிளறாதீர்கள்.

புலி வருது

இத்தனை விரிவாக ஒரு பழுதைப் பற்றிப் பேசுவானேன் என்று கேட்கலாம். நம் குழந்தைகளுக்கு நாம் சொல்லும் புலி வருது கதையே என் விடை. சிறுவன் இருமுறை பொய்யாகக் கூவினான். மூன்றாம் முறை மெய்யாகக் கூவியபோது ஊரார் வரவில்லை. அலாரங்களின் நிலையும் அதுவே. தெருவில் ஒரு கார் அலறினால் இன்று எத்தனை பேர் எழுந்து பார்க்கிறோம்? சன்னலைச் சாத்திக்கொள்கிறோம். காவலின் முழுப் பயனும் பிறர் செவிசாய்ப்பதில் இருக்கிறது. பொய்க் கூக்குரல் ஒவ்வொன்றும் அந்தச் செவியைச் சிறிது சிறிதாக அடைக்கிறது. பழுதுள்ள என் அலாரம் என் காரை மட்டும் காவலின்றி விடுவதில்லை. என் அண்டை வீட்டாரின் காரையும் விடுகிறது.

ஒலியின் கொடுமை வேறு. நம் நாட்டின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை 45 டெசிபல் என வரம்பு வகுத்துள்ளன. சைரனின் அருகிலோ ஒலி நூறு டெசிபலைத் தாண்டும். நோயாளியும் கைக்குழந்தையும் தேர்வுக்குப் படிப்பவரும் உள்ள தெருவில் அது எத்தகைய வன்முறை! பிரிட்டனில் 1993ஆம் ஆண்டுச் சட்டம் தெருவில் நிற்கும் வண்டிகளின் ஒலியையும் பொதுத்தொல்லையாகக் கருதி நடவடிக்கை எடுக்க வழி செய்தது. நியூயார்க் மாநகரின் விதிப்படி கார் அலாரம் மூன்று நிமிடத்துக்குள் ஓயவேண்டும்.

அடுக்ககத்தில் இரவுக் காவல் புரியும் முதியவரை நினைத்துப் பாருங்கள். உரிமையாளர் வெளியூரில், கார் அலறுகிறது, ஆறு மாடிகளிலிருந்தும் அவரை நோக்கி வசை பொழிகிறது. இயந்திரக் காவலனின் பிழைக்கு மனிதக் காவலர் ஏச்சு வாங்குகிறார். அவர் கையில் சாவியும் இல்லை. என்ன செய்வதென்று எழுதிய தாளும் இல்லை. இருந்தாலும் அது அவர் படிக்கும் மொழியில் இருக்குமா? இங்குதான் என் தொழில் உங்கள் கலையின் வாசலில் வந்து நிற்கிறது.

சிலேடை ஆகாத இடம்

பேட்டரி பற்றிய விதிகளுள் தலையாயது ஒன்று: கழற்றும்போது மைனஸை முதலில் கழற்று, பூட்டும்போது மைனஸைக் கடைசியில் பூட்டு. ஏன்? காரின் உடல் முழுவதும் மைனஸோடு பிணைந்தது. மைனஸ் பூட்டியிருக்கும்போது பிளஸ்ஸில் வைத்த ஸ்பானர் உடலின் இரும்பைத் தொட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் அந்த ஸ்பானரின் வழியே பாயும். ஸ்பானர் பழுக்கக் காயும், பொறி பறக்கும், அருகில் வாயு இருந்தால் பேட்டரி வெடித்து அமிலம் முகத்தில் தெறிக்கும். மைனஸ் கழன்றிருந்தால் அதே ஸ்பானர் தொட்டாலும் ஒன்றும் நேராது.

இந்த விதியைத் தூய தமிழில் எழுத முனையும் ஒருவர், எதிர்முனையை முதலில் கழற்றுக என்று எழுதுகிறார் என்று கொள்வோம். பாடநூல் வழக்கில் எதிர் என்பது மைனஸ். ஆனால் பேட்டரியின்முன் குனிந்து நிற்கும் இளைஞனுக்கு எதிர்முனை என்றால் என்ன பொருள்? தனக்கு எதிரே உள்ள முனை. அல்லது தான் தொட்டிருக்கும் முனைக்கு மறுமுனை. அவன் பிளஸ்ஸில் ஸ்பானரை வைப்பான். ஒரு சொல்லின் இருபொருள், ஒரு விழியைப் பறிக்கலாம்.

கவிஞர் பெருமக்களே, சிலேடை நம் மொழியின் செல்வம். காளமேகத்தின் புகழ் அதனால் விளைந்தது. கவிதையில் ஒரு சொல் இரு பொருள் தந்தால் நாம் கைதட்டுகிறோம். ஆனால் செய்முறை உரையில் ஒரு சொல் ஒரு பொருளையே தரவேண்டும். இரு பொருள் தரும் சொல்லை முகர்ந்த மாத்திரத்தில் இனங்காணும் பயிற்சி உடையவர் யார்? நீங்கள்தாம். சிலேடை செய்யத் தெரிந்தவருக்கே சிலேடையைத் தவிர்க்கவும் தெரியும். அதனால்தான் இந்தப் பொருளைப் பொறியாளர் மாநாட்டில் பேசாமல் இந்த அவையில் பேசுகிறேன்.

தமிழுக்கு இப்பணியில் இயல்பான ஆற்றலும் உண்டு. நம் வினையெச்சம் வரிசையைத் தன்னுள் அடக்கியது. கழற்றி, துலக்கி, உலர்த்தி, பூட்டி என்னும்போது எதன்பின் எது என்பதில் ஐயமே எழாது. எண்ணிட்டு எழுதாவிடினும் ஒழுங்கு நிற்கும். பழுதுநாடல் முழுவதும் நிபந்தனைகளின் கோவை. அதற்கும் 'ஆல்' ஈற்று எச்சம் ஒன்றே போதும்: அலறினால் திற, திறந்தும் அலறினால் திருப்பு, திருப்பியும் அலறினால் தேடு. இத்துணைச் சுருக்கம் கைகூடும் மொழியில் ஒரு காரின் கையேடு கிடைப்பது ஏன் இத்தனை அரிதாக இருக்கிறது?

சொற்களைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். டெர்மினல், பானெட், ஃபியூஸ் என்று நான் பேசியது சிலருக்கு உறுத்தியிருக்கலாம். தொல்காப்பியர் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பகுத்தார். பிற நிலத்துச் சொற்களும் செய்யுளுக்குள் வர வழி வைத்தார். பட்டறையில் பிறந்து பட்டறையில் பழகிய சொல்லைப் பட்டறையாளரிடமிருந்து பறிப்பது தமிழ்ப்பற்று ஆகாது. மின்கல அடுக்கு என்பது அழகிய சொல். ஆறு கலங்கள் அடுக்கியது என்னும் உண்மையையும் அது உணர்த்துகிறது. வகுப்பறையில் அதனைச் சொல்லி விளக்குகிறேன். ஆயினும் இரவு இரண்டு மணிக்குக் காவலருக்கு எழுதிவைக்கும் தாளில் பேட்டரி என்றே எழுதுவேன். நல்ல தமிழ்ச்சொல் பழக்கத்தில் ஏறட்டும்; ஏறும்வரை எவர் விழியும் அதற்கு விலையாக வேண்டா.

இது புதிய கனவும் அன்று. பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட கலைக்களஞ்சியம், கவிஞர் ஒருவர் அறிவியலுக்குத் தோள்கொடுத்ததற்குச் சான்று. பெ.நா. அப்புசுவாமி தம் நீண்ட வாழ்நாளெல்லாம் அறிவியலைத் தமிழில் எழுதினார். 2010ஆம் ஆண்டில் அண்ணா பல்கலைக்கழகம் தமிழ்வழியில் பொறியியல் பாடங்களைத் தொடங்கியது. பாடநூல்களும் களஞ்சியங்களும் ஒருபுறம் வளர்ந்தன. வளராதது பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு ஒரு கையால் பிடித்துப் படிக்கும் ஒற்றைத் தாள். புதுப்பேட்டையிலும் ஊர்தோறும் உள்ள பட்டறைகளிலும் இந்த அறிவு வாய்மொழியாகவே வாழ்கிறது. குரு இறந்தால் அதில் ஒரு பகுதி அவரோடு போகிறது. ஏட்டில் ஏறாததால் நம் முன்னோரின் கைத்தொழில்கள் பல மறைந்தன என்று மேடைதோறும் வருந்துகிறோம். நம் கண்முன் உள்ள கைத்தொழிலை ஏட்டில் ஏற்ற நாம் என்ன செய்தோம்?

நிறைவாக

பத்தாண்டு நிறைவில் இவ்வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். உறுப்பினர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு செய்முறைத் தாளை எழுதுங்கள். மின்பணியாளர், குழாய்ப் பணியாளர், தையற்காரர் என ஒருவரோடு அமர்ந்து, அவர் சொல்வதைக் கேட்டு, அவர் சொற்களிலேயே, இருபொருளுக்கு இடமின்றி ஒரே பக்கத்தில் எழுதுங்கள். எழுதியதை அத்தொழிலை அறியாத ஒருவரிடம் கொடுத்துப் படித்தபடியே செய்யச் சொல்லுங்கள். அவர் கை எங்கே தயங்குகிறதோ அங்கே உங்கள் வாக்கியம் பிழைபட்டது; திருத்துங்கள். இதனினும் நேர்மையான திறனாய்வாளர் உங்களுக்குக் கிடைக்கமாட்டார்.

அடுக்ககத்தில் வாழ்வோர்க்கு இன்னொரு சிறு வேண்டுகோள். ஊருக்குப் புறப்படுமுன் உங்கள் கார் அலாரத்தை அடக்கும் முறையை நான்கு வரியில் தமிழில் எழுதி, மாற்றுச் சாவியை நம்பிக்கைக்குரிய அண்டை வீட்டாரிடம் தந்து, அந்தத் தாளைக் காவலரிடமும் கொடுத்துச் செல்லுங்கள். நீங்கள் எழுதும் மிகச் சிறிய உரைநடை அதுவாக இருக்கலாம். ஆயினும் ஒரு தெருவின் உறக்கமும் ஒரு முதியவரின் மானமும் அந்த நான்கு வரிகளைச் சார்ந்திருக்கும்.